பிளேக்கின் பதிப்பாசிரியரும் ரேடியம் ஊசிகளும்

வில்லியம் பிளேக்கை ஆழ்ந்து வாசிக்கப் புகும் எவரும் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. 1921இல் பிளேக்கின் நூல் விவரப் பட்டியலை உருவாக்கியவர். 1925இல் அவருடைய எழுத்துகளை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தவர். ஜான் டன், தாமஸ் பிரௌன் ஆகியோருக்கும் அதே உழைப்பைத் தந்தவர். பொருளியலாளர் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பி. 1913இல் வர்ஜீனியா வுல்ஃப் தூக்க மருந்தை மிகையாக உட்கொண்டு உயிருக்குப் போராடியபோது, இரைப்பையைக் கழுவும் குழாயை எடுத்துவர லெனார்டுடன் மருத்துவமனைக்குக் காரில் விரைந்தவரும் இவரே. இவையெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தன. ஆனால் அவருடைய தொழில் அறுவை மருத்துவம் என்பதையும், அத்தொழிலில் அவர் கேட்ட ஒரு கேள்வி இன்றுவரை தொடர்கிறது என்பதையும் நாம் வெகுநாள் கழித்தே அறிந்தோம். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணிடமிருந்து எவ்வளவு எடுத்தால் போதும் என்பதே அந்தக் கேள்வி.

அன்றைய மருத்துவ உலகின் விடை, இயன்றவரை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்த அறுவை முறையில் மார்பகம் மட்டுமின்றி, அதன் கீழுள்ள மார்புத் தசைகளும் அக்குளின் நிணநீர்க் கணுக்களும் சேர்த்து அகற்றப்பட்டன. 'ராடிக்கல்' என்று அதற்குப் பெயர். லத்தீனில் வேர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது; வேரோடு பிடுங்குவதுதான் நோக்கம். நோய் ஒரு மையத்திலிருந்து படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது என்றால், அதன் விளிம்புக்கு அப்பால் வெட்டினால் தப்பலாம் என்பது அவருடைய தர்க்கம். அறுத்த இடத்திலேயே நோய் மீள்வது அதனால் குறைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. குழிந்த மார்பும் வீங்கிய கையும் அதற்கான விலை. அந்தத் தர்க்கம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆட்சி செய்தது.

லண்டனின் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் கெய்ன்ஸ் 1920களின் தொடக்கத்தில் ரேடியத்தைக் கையில் எடுத்தார். முதலில், அறுவைக்கு அப்பாற்பட்ட நிலையில் வந்தவர்களுக்கே அது அளிக்கப்பட்டது. ரேடியம் அடைத்த மெல்லிய ஊசிகளைக் கட்டியைச் சுற்றியும் அக்குளிலும் விலா எலும்புகளின் இடைவெளிகளிலும் செருகிச் சில நாட்கள் விட்டுவைத்து எடுத்தார். கட்டிகள் கரைந்தன. அந்தத் துணிவில் தொடக்க நிலை நோயாளிகளுக்கும் இதையே செய்தார். பின்னர் கட்டியை மட்டும் அறுத்தெடுத்து, எஞ்சிய பகுதிக்கு ரேடியம் வைக்கும் முறைக்கு நகர்ந்தார். 1937இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் வெளியிட்ட கணக்கில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு பேரறுவையின் விளைவுக்கு நெருக்கமாகவே இருந்தது. கைவிடப்பட்ட வரிகளையும் உதிரித் தாள்களையும் இழக்க மனமில்லாத பதிப்பாசிரியர் ஒருவர், அறுவை மேசையிலும் தேவையின்றி எதையும் வெட்ட மறுத்ததை வெறும் தற்செயல் என்று நம்மால் கடந்துபோக முடியவில்லை. இது நம் சாய்வு, வாசகர் பொறுத்தருள்க.

போர் வந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ரேடியம் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கெய்ன்ஸ் விமானப் படையின் மருத்துவப் பணிக்குச் சென்றார். அவருடைய முறை பேசுவாரற்றுப் போனது. போரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருந்தவை தம் நோயாளிகளின் கணக்குகள் மட்டுமே. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு அன்று மருத்துவத்தில் வழக்குக்கு வரவில்லை.

அந்தச் சான்றைத் திரட்டியவர்கள் இருவர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைக் கொண்டும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கி 1851 பெண்களைக் கொண்டும் ஆய்வு நடத்தினர். 2002 அக்டோபரில் ஒரே இதழில் இருவரின் இருபதாண்டு முடிவுகளும் வெளிவந்தன. மார்பகத்தைக் காத்தவர்களும் இழந்தவர்களும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்திருந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவிகிதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவிகிதத்தினருக்கு.

ஆக, மார்பகம் தப்பியது. ஆனால் வேறொரு விலை வந்து சேர்ந்தது. முழு மார்பகத்துக்கும் அன்றாடம் சிறிது சிறிதாக, ஐந்து வாரங்களில் 25 தவணைகள். கதிரின் ஒரு பங்கு இதயத்தையும் நுரையீரலையும் தொடும். இதயம் பெறும் சராசரி அளவு ஒரு கிரே கூடும்போது கடும் இதயத்தமனி நோய் நேரும் வாய்ப்பு 7.4 சதவிகிதம் உயர்கிறது என்று 2013இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தொலைவில் வாழ்பவருக்கோ ஐந்து வாரம் என்பதே பெருந்தடை. எங்களில் ஒருவரின் பெரியம்மா 2004இல் மார்பகம் முழுவதையும் அகற்றிக்கொள்ள ஒப்பினார். காத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லத்தான் செய்தார். படுக்கையிலிருந்த கணவரை விட்டுவிட்டு ஐந்து வாரம் நகரத்தில் தங்க அவரால் முடியாது.

அப்படியானால் முழு மார்பகத்துக்கும் கதிர் தேவைதானா? இந்த இடத்தில் கதை மும்பைக்கு வருகிறது. டாடா நினைவு மருத்துவமனையில் ஜயந்த் வைத்யா முதலியோர், அகற்றப்பட்ட மார்பகங்களை முழுமையாக ஆராய்ந்து 1996இல் ஒரு புதிரை முன்வைத்தனர். பாதிக்கும் மேற்பட்டவற்றில், முதன்மைக் கட்டிக்கு வெளியேயும் சிறு புற்றுக் குவியங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மார்பகத்தின் வேறு பகுதிகளில் கிடந்தன. ஆனால் நோய் மீள்வதோ, பெரும்பாலும் பழைய கட்டி இருந்த இடத்தைச் சுற்றியே. தூரத்துக் குவியங்கள் உறங்கிக் கிடக்கின்றன என்றால், கதிரை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் தந்தால் போதாதா?

வைத்யா லண்டனில் மைக்கேல் பாம், ஜெஃப்ரி டோபியாஸ் ஆகியோருடன் இணைந்து இதைச் சோதித்தார். 1998 ஜூலையில் முதல் நோயாளி. 2000இல் 'டார்கிட்' ஆய்வு. கட்டியை எடுத்த குழியில், மயக்கம் தெளிவதற்கு முன்பே, உருண்டை முனையுள்ள சிறு எக்ஸ் கதிர்க் கருவியை வைத்து அரை மணி அளவில் சிகிச்சையை முடித்துவிடுகிறார்கள். உருண்டையின் பரப்பில் 20 கிரே. ஒரு செண்டிமீட்டர் தள்ளினால் ஐந்து முதல் ஏழு கிரே. எடுத்த கட்டியைப் பின்னர் ஆராயும்போது ஆபத்தான கூறுகள் தெரிந்தால் மட்டும் முழுக் கதிர்வீச்சும் சேர்க்கப்படும். 2298 பெண்களைக் கொண்ட இந்த ஆய்வின் நீண்டகால முடிவுகள் 2020இல் வந்தன. ஐந்தாண்டில் நோய் மீண்டவர்கள் 2.11 சதவிகிதம், முழுக் கதிர்வீச்சில் 0.95. உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. இந்தச் சிறு வித்தியாசத்தை ஏற்கலாமா, நோயாளிகள் போதிய காலம் கண்காணிக்கப்பட்டார்களா என்றெல்லாம் மருத்துவ இதழ்களில் நடந்த பூசல் நம் இலக்கியச் சண்டைகளுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அந்தப் பூசலுக்கு ஆதாரமும் இருந்தது. வெரோனேசியின் குழுவே மிலானில், அறுவையின்போது ஒரே தவணையாக 21 கிரே எலெக்ட்ரான் கதிரை 1305 பெண்களிடையே சோதித்தது. ஐந்தாண்டில் 4.4 சதவிகிதத்துக்கு எதிராக 0.4, பதினைந்து ஆண்டில் 12.6க்கு எதிராக 2.4. இங்கும் உயிர்வாழ்வு மாறவில்லை. ஆனால் யாருக்குக் குறைக்கலாம் என்ற தேர்வு பிழைத்தால் குறைத்தல் என்னவாகும் என்பதை இந்த எண்கள் காட்டிவிட்டன.

ஆரவாரமின்றி வென்றது எளிய வழிதான். புதுக் கருவி எதுவுமில்லாமல், வழக்கமான கதிர்வீச்சு இயந்திரத்தைக் கொண்டே, கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் கதிர் தந்து பார்த்தது பிரிட்டனின் 'இம்போர்ட் லோ' ஆய்வு. ஐம்பது வயதும் அதற்கு மேலுமான, ஆபத்துக் குறைந்த 2018 பெண்கள். 2017இல் வெளியான ஐந்தாண்டு முடிவில் நோய் மீண்டவர்கள், முழு மார்பகத்துக்குப் பெற்றவர்களில் 1.1 சதவிகிதம், பகுதிக்கு மட்டும் பெற்றவர்களில் 0.5. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 520 பெண்களிடம், பகுதிக்கு மட்டும் 30 கிரேயை ஐந்தே தவணைகளில் தந்தார்கள். பத்தாண்டில் மீண்டது 3.7 சதவிகிதம், பழைய முறையில் 2.5. கணிக்கத்தக்க வேறுபாடு அன்று என்றே ஆய்வாளர் முடிவு கட்டினர். முழு மார்பகத்துக்கும் தர வேண்டியவர்களுக்குக்கூட ஒரு வாரத்தில் ஐந்து தவணை போதும் என்று 2020இல் 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' ஆய்வு, 4096 பேரின் ஐந்தாண்டுக் கணக்கோடு சொன்னது.

கெய்ன்ஸ் 1982இல், தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார். மிலானின் முதல் முடிவுகள் அதற்கு முந்தைய ஆண்டு அச்சேறியிருந்தன. அவருடைய தன்வரலாறு வெளிவந்ததும் அதே 1981இல்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இக்கட்டுரைக்காகப் படித்தவற்றை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஃபிளாரன்ஸ் ஆய்வு வந்த இடத்தில் கையமர்த்தி நிறுத்தினார். "அஞ்சே நாளா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "அஞ்சு நாள்னா பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போயிருப்பேனே" என்றார்.