விரட்டப் பிறந்தது, நிற்கக் கற்றது

கொள்ளிடக் கரையில் வெயிலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசலின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மூன்று அடுக்கு தெரியும். உள்ளே, மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கூடு. அதன்மேல் இழுத்துத் தைத்த உரச்சாக்கு அல்லது பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றுக்கும் மேலே காய்ச்சிப் பூசிய தார். சாக்கின் தையல் ஓடும் இடங்களில் தார் சற்றுத் தடித்து மேடாக இருக்கும். நீர் கசியும் வழி அதுதான் என்பதால் அங்கே இரண்டாவது கை பூசியிருப்பார்கள்.

அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லை கொள்ளிடம், வட எல்லை வெள்ளாறு. இடையிலும், மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்திலும் ஏரிகள். இந்தத் தண்ணீருக்கெல்லாம் பழகிய பரிசலுக்கும், இன்று இணையக் கடைகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாக விற்கும் ‘மீன்பிடி கயாக்’குக்கும் என்ன உறவு? இரண்டும் ஒரே வம்சம். லேசான ஒரு கூடு, அதன்மேல் ஒரு தோல், ஒற்றை ஆள் தூக்கிச் செல்லும் எடை: இதுதான் இரண்டுக்கும் பொதுவான ஜாதகம். வம்சம் ஒன்றானாலும் வேலை வேறு. கயாக் விரட்டுவதற்காகப் பிறந்தது. பரிசல் நிற்பதற்காகப் பிறந்தது. விரட்டப் பிறந்த படகு பல நூறு ஆண்டுகள் உலகம் சுற்றி, கடைசியில் நிற்கக் கற்றுக்கொண்ட கதை இது.

தொடக்கம் ஈராக்கில். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாபிலோனைப் பற்றி எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ், அந்த ஊரில் தன்னை மிகவும் வியக்கவைத்தவற்றுள் ஒன்றாக அங்கே வந்துசேரும் படகுகளைச் சொல்கிறார். ஆர்மேனியா பக்கம் மரக்கிளைகளை வளைத்துக் கூடு செய்து, வெளியே தோல் போர்த்திய வட்டமான படகுகள். உள்ளே வைக்கோல் பரப்பி, மதுப் பீப்பாய்களை ஏற்றி, கூடவே ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு இறங்குவார்கள். பாபிலோனில் சரக்கை விற்பார்கள். படகின் கூட்டையும் வைக்கோலையும்கூட விற்றுவிடுவார்கள். தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு தரைவழியே ஊர் திரும்புவார்கள். ஆற்றின் இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போட்டு ஏற முடியாது என்பதே காரணம். கூடு எங்கும் கிடைக்கும், தோல்தான் முதலீடு என்று அந்த வணிகர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓட்டத்தோடு கீழே போன பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து கரைவழியே மேலே நடக்கும் நம் ஊர்ப் பரிசல்காரரும் அதே கணக்கைத்தான் போடுகிறார்; கழுதைக்குப் பதில் தன் தலையைக் கொடுக்கிறார்.

அடுத்து ஒரு நகல். கி.மு. 49இல் ஸ்பெயினில் நடந்த ரோமானிய உள்நாட்டுப் போரில் ஜூலியஸ் சீசரின் படை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பாலங்கள் உடைந்தன, உணவு வரத்து நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் தான் பார்த்த படகுகள் சீசருக்கு நினைவுக்கு வந்தன. லேசான மரச்சட்டம், விளாறுப் பின்னல், மேலே தோல் என்று அதே மாதிரியைச் செய்யச் சொல்லி, இரவோடு இரவாக வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய், எதிரி பார்க்காத இடத்தில் ஆற்றைக் கடந்தார். படையெடுத்த நாட்டிலும் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று ஒரு தளபதி ஒப்புக்கொண்ட தருணம் அது. வேல்ஸ் நாட்டு ஆறுகளில் அந்தப் படகின் வாரிசுகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு படகுக்கு நடுவே வலை பிடித்து மீன் பிடிக்கிறார்கள். அவர்களும் தோலைக் கைவிட்டுத் துணிக்கு மாறி, துணிமேல் தார் பூசினார்கள்.

இதே எண்ணம் வடதுருவத்துக்கு அருகே வேறு வடிவம் எடுத்தது. அங்கே மூங்கிலும் இல்லை, காடும் இல்லை. கடல் கொண்டுவந்து ஒதுக்கும் மிதவைக் கட்டையும் எலும்பும்தான் கூடு; கடல்நாயின் தோல்தான் போர்வை. இன்யூட் வேட்டைக்காரர் தன் உடம்பையே அளவுகோலாக வைத்துக் கயாக் கட்டினார். நீளத்துக்கு விரித்த கைகளின் அளவு, அகலத்துக்குத் தன் இடுப்பின் அளவு. கடல்நாய் மூச்சுவிடத் தலை தூக்கும்போது சத்தமில்லாமல் நெருங்க வேண்டும். ஈட்டி எறிய வேண்டும். அடிபட்ட விலங்கு ஓடினால் பின்தொடர வேண்டும். எனவே படகு நீளமாக, ஒடுக்கமாக, தாழ்வாக இருந்தது. உறைநீரில் விழுந்தால் உயிர் நிலைக்காது என்பதால் மேற்பக்கமும் மூடியே இருந்தது.

பரிசல் ஏன் வட்டம் என்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. ஒரே அளவு தோலைக் கொண்டு அதிக இடம் தருவது வட்டம்தான். முன், பின் என்று எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் சாய்ந்து நின்றும் வலை இழுக்கலாம். சிறிதளவு நீர் இருந்தாலே மிதக்கும். பாறையில் இடித்தால் மூங்கில் வளைந்து கொடுக்கும். குறை ஒன்றே ஒன்று: விட்டால் சுழலும். துடுப்பை முன்னால் போட்டு நீரைத் தன் பக்கம் இழுக்கத் தெரிந்தவர் கையில்தான் நேரே போகும். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் ஆனேகுந்தி பக்கம் இந்தப் படகில் மக்கள் ஆற்றைக் கடந்ததைப் பார்த்து, இவை சுழன்றுகொண்டே போகின்றன என்று குறித்தார். கூடையாகப் பின்னி வெளியே தோல் போர்த்தியவை, பதினைந்து இருபது பேரை ஏற்றும் என்றும் எழுதினார். ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு ஒகேனக்கலில் அதே சுழற்சியைச் சுற்றுலாப் பயணிகள் கேட்டு வாங்குகிறார்கள்.

கயாக் தன் ஊரைவிட்டு வெளியே வந்தது விபத்தாலும் பேராசையாலும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் கரையோரம் ஒரு மனிதர் கயாக்கோடு பிடிபட்டார். யாருக்கும் அவர் மொழி புரியவில்லை. சில நாட்களில் இறந்துபோனார். அவர் வந்ததாகச் சொல்லப்படும் கயாக் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பசிபிக்கின் மறுபக்கத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1741இல் ரஷ்யாவுக்காகக் கடல் போன பெரிங்கின் பயணக் குழு அலாஸ்காவைத் தொட்டுத் திரும்பியபோது கடல் நீர்நாயின் ரோமத்தோலைக் கொண்டுவந்தது. சீனச் சந்தையில் அதற்குக் கிடைத்த விலையைப் பார்த்து ரஷ்ய வணிகர்கள் படையெடுத்தார்கள். அவர்களுக்குக் கயாக் ஓட்டத் தெரியாது. தெரிந்த, அலாஸ்காப் பக்கத்து அலூட் மக்களை மிரட்டியும் பிணை பிடித்தும் வேட்டைக்கு ஓட்டினார்கள். முதலாளி உட்கார்ந்து வருவதற்காகவே மூன்றாவது துளை வைத்த கயாக் உருவானது. 1812இல் கலிபோர்னியாவில் ரோஸ் கோட்டை கட்டியபோதும் அலூட் வேட்டைக்காரர்களும் அவர்கள் படகுகளும் உடன் போனார்கள். நீர்நாய் அழிவின் விளிம்புக்குப் போன பிறகு, 1911இல்தான் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு அதைக் காத்தன.

ரோஸ் கோட்டை எழுவதற்குச் சில ஆண்டுகள் முன் நம் பரிசல் போர்க்களம் போனது. 1803 மராத்தியப் போரில் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே ஆள், ஆறுகள் நிரம்பி ஓடும் காலத்தையே தனக்குச் சாதகமாகக் கணக்கிட்டார். எதிரிக் குதிரைப்படை கரையில் தவிக்கும்போது தன் படை கூடைப்படகுகளில் கடந்துவிடும் என்பது அவர் திட்டம். சீசர் செய்த அதே வேலை. இந்த முறை ஆசான்கள் தக்காணத்துப் பரிசல்காரர்கள்.

ஐரோப்பாவில் கயாக்கைப் பொழுதுபோக்காக்கியவர் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் மக்கிரெகர். 1865இல் ‘ராப் ராய்’ என்ற மரப்படகில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி, மறு ஆண்டு புத்தகம் எழுதி, ஒரு மோகத்தையே கிளப்பிவிட்டார். ஆனால் மரப்படகை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? 1905இல் ஆல்ஃபிரெட் ஹாயரிஷ் என்ற மாணவர் மூங்கில் குச்சிகளால் சட்டம் செய்து, பாய்மரத் துணி போர்த்தி, மடித்துப் பையில் போடக்கூடிய கயாக்கோடு மியூனிக் நகரத்து இசார் ஆற்றில் இறங்கினார். 1907இல் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியவர் ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோஹான் கிளெப்பர். படகு என்பது கடைசியில் தைக்கிற பொருள்தான் என்று தையல்காரருக்குத்தான் புரிந்தது.

அப்படி ஒரு மடிப்புக் கயாக்கோடு 1932இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரிலிருந்து கிளம்பினார் வேலையிழந்த மின்பணியாளர் ஆஸ்கர் ஸ்பெக். சைப்ரஸ் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் முதல் நோக்கம். போன வேகத்தில் நிற்க மனம் வரவில்லை. ஹெரோடோட்டஸ் எழுதிய அதே யூப்ரடீஸில் இறங்கினார்; பாரசீக வளைகுடாவைத் தாண்டினார்; இந்தியக் கரையோரமாக இலங்கைக்கு வந்தார்; அங்கிருந்து சோழமண்டலக் கரையோரம் வடக்கே ஏறினார். அந்தப் பாதையில்தான் கொள்ளிடம் கடலில் கலக்கும் முகத்துவாரமும் இருக்கிறது. மலேரியாவோடும் புயலோடும் போராடி, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாய்பாய் தீவில் கரையேறினார். போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள்.

ஸ்பெக் கடந்துபோன கரையின் படகுகளை ஏற்கெனவே ஒருவர் அளந்து வைத்திருந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். உலகப் படகுகளையெல்லாம் ஒப்பிட்ட அவருடைய பெரிய நூல் 1946இல் வந்தது. கட்டுமரம் அவருக்கு நெடுநாள் ஆர்வம். கட்டைகளைச் சேர்த்துக் கட்டி மேலே உட்காருவது. அலை ஏறினால் இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்க அதில் பள்ளமே கிடையாது.

1970களில் பிளாஸ்டிக் வந்தது. உருளும் அச்சில் பாலிஎதிலின் தூளை உருக்கி வார்த்தால் கூடும் தோலும் ஒன்றாகவே பிறந்துவிடும். தைக்க வேண்டாம், தார் வேண்டாம். 1971 வாக்கில் கலிபோர்னியாவில் டிம் நீமியர் என்ற இளைஞர் அலைச்சறுக்குப் பலகையில் உட்காரப் பள்ளம் தோண்டிப் பார்த்தார். அதிலிருந்து மேலே அமரும் கயாக் வந்தது. உள்ளே நுழைந்து உட்கார வேண்டியதில்லை; ஏறிய நீர் அடித்துளை வழியே வடிந்துவிடும். கட்டுமரக்காரர் நெடுங்காலம் அறிந்திருந்த தீர்வு பசிபிக்கின் மறுகரையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தூண்டில்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள், அகலமாக்கினார்கள். கை தூண்டிலுக்கு வேண்டும் என்றார்கள். 1997இல் காலால் மிதிக்கும் கயாக்கை ஹோபி நிறுவனம் கொண்டுவந்தது. கடலில் தூரம் போகும் கயாக்கின் அகலம் 55, 60 சென்டிமீட்டர். மீன்பிடி கயாக்கின் அகலம் 80, 90. வேகம் போனது, நிலைப்பு வந்தது. வேட்டைப் படகு பரிசலின் குணத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

ஆகவே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கயாக் வாங்க நினைப்பவர் பரிசலிடம் யோசனை கேட்பது நல்லது. அரும்பாவூர், லாடபுரம் போன்ற ஏரிகளுக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் நல்ல அகலமும் உள்ள, மேலே அமரும் கயாக் போதும். மிதி வைத்தது விலை அதிகம். ஆகாயத்தாமரையும் பாசியும் அதன் துடுப்பில் சுற்றிக்கொள்ளும், கரையோர ஆழமும் பற்றாது. ஏரிக்குக் கைத்துடுப்பே மேல். எடையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்: முப்பது கிலோ பிளாஸ்டிக்கைக் கரை மேட்டில் ஏற்றுவது கடையில் தெரியாது. ஆடிக் காற்றில் லேசான படகு தானாக நகரும். சின்ன நங்கூரம் அவசியம். உயிர்காப்பு உடை இல்லாமல் இறங்கவே கூடாது. மேட்டூர் உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்திருக்கும் நாட்களில் எந்தப் படகும் கரையில் இருப்பதே முறை. ஏரி மீன் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள்.

வேட்டைக்கு மட்டும் இங்கே இடமில்லை. அமெரிக்கச் சதுப்புகளில் கயாக்கில் பதுங்கி வாத்து சுடுவது இன்றும் சட்டப்படி நடக்கிறது. இந்தியாவில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. அரியலூரின் கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கடல் நீர்நாய்க்கு நேர்ந்தது அந்த வாத்துகளுக்கு நேரக்கூடாது என்பதற்கானது அந்த 1972 சட்டம். அதை மனமார ஏற்கத்தான் வேண்டும்.

மீன்வளத் துறை மானியத்தில் தரும் ஃபைபர் பரிசல்கள் இப்போது ஏரிகளில் மிதக்கின்றன. மாட்டுத்தோல், தார் பூசிய சாக்கு, ஃபைபர் என்று தோல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வட்டம் மாறவில்லை. நம் தண்ணீருக்குப் பொருந்தும் அளவை அந்த வட்டம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. மூங்கிலைப் பிளந்து அதை வளைக்கத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. அவர்கள் இருக்கும்போதே ஹார்னெல் போல யாராவது அளவெடுத்து, படம் வரைந்து, இளையவர் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வைக்க வேண்டும். அடுத்த தோல் எதுவாக வந்தாலும், அதைப் போர்த்த ஒரு கூடு தேவைப்படும்.