இதய நோய்க்கான குருத்தணு ஆய்வு

இதய நோய்க்கான குருத்தணு ஆய்வு என்பது, மாரடைப்பு முதலிய நோய்களால் இறந்துபட்ட இதயத் தசையைக் குருத்தணுக்களின் துணைகொண்டு மீண்டும் உருவாக்கவோ, எஞ்சியுள்ள தசையைக் காக்கவோ முயலும் மருத்துவ ஆய்வுத்துறை ஆகும். குருத்தணு என்பது நாளிதழ்களிலும் பேச்சுவழக்கிலும் ஸ்டெம் செல் என்றே பெரிதும் அறியப்படுகிறது. இம்முறை 2000-ஆம் ஆண்டு முதல் மனிதரிடத்தில் சோதிக்கப்பட்டு வருகிறது. எனினும் இந்தியாவில் இது இதய நோய்க்கு ஏற்கப்பட்ட சிகிச்சை அன்று; ஆய்வு நிலையிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் குருத்தணு ஆய்வுக்கெனத் தனியாக அமைந்த முதன்மையான நிறுவனம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் குருத்தணு ஆய்வு மையம் ஆகும்.

இதயத் தசையின் இயல்பு

தோலில் காயம் ஏற்பட்டால் புதுத்தோல் வளர்கிறது. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் அது பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. இதயத் தசைக்கு இத்தகைய ஆற்றல் மிகக் குறைவு. மனித இதயத்தின் இடக் கீழறையில் ஏறத்தாழ 200 முதல் 400 கோடித் தசையணுக்கள் உள்ளதாகக் கணிக்கப்படுகிறது. பெரிய மாரடைப்பு ஒன்றில் சில மணி நேரத்திற்குள் 100 கோடி அணுக்கள் வரை இறக்கக்கூடும். அவ்விடத்தில் சுருங்கி விரிய இயலாத தழும்புத் திசுவே உருவாகிறது. எஞ்சிய தசை கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால், காலப்போக்கில் இதயம் விரிந்து செயலிழக்கத் தொடங்குகிறது.

இதயத் தசையணுக்கள் பிறப்பிற்குப் பின் சிறிதும் புதுப்பிக்கப்படுவதில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2009-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனை வியப்பூட்டும் ஒரு வழியில் அளந்தனர். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நடைபெற்ற அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்-14 பெருகி, பின்னர்ப் படிப்படியாகக் குறைந்தது. ஓர் அணு பிறந்த ஆண்டின் அடையாளம் அதன் டி.என்.ஏ.-வில் இக்கார்பனின் அளவாகப் பதிந்திருக்கும். இதனைக்கொண்டு கணக்கிட்டதில், 25 அகவையில் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடும், 75 அகவையில் அதில் பாதிக்கும் குறைவாகவும் தசையணுக்கள் புதுப்பிக்கப்படுவது தெரியவந்தது. சுழியம் அன்று என்றாலும், மாரடைப்பின் இழப்பை ஈடுசெய்ய இது போதாது. குருத்தணு ஆய்வு தோன்றியதற்கான காரணம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

முதற் சோதனைகள்

2000-ஆம் ஆண்டு சூன் மாதம் பாரிசில் பிலிப் மெனாசே என்னும் அறுவை மருத்துவர், நோயாளியின் தொடைத் தசையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கிய தசைமூல அணுக்களை அவரது இதயத்தில் ஊசி மூலம் செலுத்தினார். அவ்வணுக்கள் தசையாக மாறினவே அன்றி இதயத்தின் மின்னோட்டத்துடன் இணையவில்லை. சில நோயாளிகளுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் ஏற்பட்டது. 97 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட தொடர் சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை.

அடுத்து எலும்பு மச்சை அணுக்கள் முயலப்பட்டன. இவற்றை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கலாம். உடல் ஒதுக்கித் தள்ளும் இடர் இல்லை. முளையத்தைச் சிதைக்கும் அறச்சிக்கலும் இல்லை. செருமனியின் ஆனோவர் நகரில் 60 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. இடக் கீழறையின் வெளித்தள்ளு விகிதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அவ்வறை வெளியேற்றும் குருதியின் பங்கு, ஆறு மாதத்தில் 6.7 புள்ளிகள் உயர்ந்தது. அணுக்கள் பெறாதவர்களிடம் உயர்வு 0.7 மட்டுமே. இம்முடிவு உலகெங்கும் பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. ஆனால் 18 மாதங்களுக்குப் பின் இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. அச்செய்தி முதற்செய்தியின் அளவுக்குப் பரவவில்லை.

2014-இல் வெளியான மறுஆய்வு ஒன்று இத்துறையை உலுக்கியது. எலும்பு மச்சை அணுக்களைப் பற்றிய 49 சோதனைகளின் அறிக்கைகளை வரிவரியாக ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வாளர்கள், அவற்றில் 600-க்கும் மேற்பட்ட முரண்பாடுகளைக் கண்டனர். கூட்டல் பொருந்தாத அட்டவணைகளும் ஒன்றோடொன்று ஒவ்வாத எண்ணிக்கைகளும் அவற்றுள் அடங்கும். முரண்பாடுகள் மிகுந்த அறிக்கைகளில் பயனும் மிகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. முரண்பாடே இல்லாத ஐந்து சோதனைகளில் பயன் ஏறத்தாழ சுழியமாக இருந்தது.

அன்வெர்சா விவகாரம்

எலும்பு மச்சை அணுக்கள் இதயத் தசையாக மாறுகின்றன என்னும் கருத்திற்கு 2001-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் எலி ஆய்வே அடிப்படை. பியேரோ அன்வெர்சா அவ்வாய்வுக் குழுவின் முதன்மையாளர்களுள் ஒருவர். 2004-இல் இரு அமெரிக்கக் குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்து, அத்தகைய மாற்றம் நிகழவில்லை என அதே இதழில் எழுதின. அன்வெர்சா பின்னர், முதிர்ந்த இதயத்திலேயே சி-கிட் என்னும் அடையாளப் புரதம் தாங்கிய குருத்தணுக்கள் உள்ளன என்றார். இதன் அடிப்படையில் மனிதச் சோதனைகளும் நடந்தன. 2014-இல் வேறொரு குழு, அவ்வணுக்களிலிருந்து தசையணுக்கள் தோன்றுவது மிக மிக அரிது என எலிகளில் நிறுவியது.

2017-இல் அன்வெர்சாவின் ஆய்வகம் இயங்கிய பிரிகாம் மருத்துவமனையும் அதன் தாய் நிறுவனமும், ஆய்வு நிதி பெறப் போலித் தரவுகள் பயன்பட்டன என்னும் குற்றச்சாட்டைத் தீர்க்க அமெரிக்க அரசுக்கு ஒரு கோடி டாலர் செலுத்த உடன்பட்டன. 2018-இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியும் அம்மருத்துவமனையும் அவ்வாய்வகத்தின் 31 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தன. சி-கிட் அணுக்களைப் பயன்படுத்திய ஒரு மனிதச் சோதனையை அமெரிக்க அரசு நிறுவனம் அப்போது இடைநிறுத்தியது. இவ்விடைப்பட்ட ஆண்டுகளில், நோயாளிகள் தம் இதயத்தைச் சோதனைக்கு ஒப்படைத்திருந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

செலுத்தப்பட்ட அணுக்களில் பெரும்பகுதி சில நாட்களிலேயே மறைந்துவிடுகிறது. அவ்வாறிருக்கச் சில சோதனைகளில் காணப்பட்ட சிறு பயன் எங்கிருந்து வந்தது? அணுக்கள் சுரக்கும் பொருட்களே காரணம் என்பது ஒரு விளக்கம். சின்சினாட்டி ஆய்வாளர்கள் எலிகளில் செய்து 2020-இல் நேச்சர் இதழில் அச்சான ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. உயிரற்ற அணுக்களைச் செலுத்தினாலும் அதே பயன் கிடைத்தது. ஊசியால் தூண்டப்படும் நோயெதிர்ப்பு அணுக்கள் தழும்பைச் சீரமைப்பதே அதற்குக் காரணம் என்று அது கூறியது.

ஆய்வகத்தில் துடிக்கும் அணுக்கள்

இன்றைய ஆய்வு வேறு தடத்தில் செல்கிறது. 1998-இல் சேம்சு தாம்சன் மனித முளையக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார். 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும், முதிர்ந்த தோலணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதனைக் குருத்தணு நிலைக்குத் திருப்பலாம் என சப்பானின் சின்யா யாமானாக்கா காட்டினார். இவை தூண்டப்பட்ட பன்திறன் குருத்தணுக்கள் எனப்படுகின்றன. இதற்காக 2012-இல் அவருக்கு சான் கர்டனுடன் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்குருத்தணுவை இதய அணுவாக மாற்றுவது, கருவில் நடப்பதை வட்டிலில் நடத்திக் காட்டுவது போன்றது. விண்ட் எனப்படும் சமிக்ஞைப் பாதையை முதல் நாளில் வேதிப்பொருள் ஒன்றால் தூண்டி, சில நாட்களில் மற்றொன்றால் தடுக்கவேண்டும். ஏறத்தாழ 8 முதல் 12 நாட்களில் வட்டிலில் அணுக்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கும். இதனை வெறும் நுண்ணோக்கியிலேயே காணலாம். மாறாத குருத்தணு எஞ்சியிருந்தால் அது உடலில் கட்டியாக வளரக்கூடும் என்பதால், தூய்மைப்படுத்தல் இன்றியமையாதது. இதற்கு எளிய ஒரு வழி உண்டு. குளுக்கோசு நீக்கி லாக்டேட்டு சேர்த்த ஊடகத்தில் வளர்த்தால் பிற அணுக்கள் பட்டினியால் இறக்கின்றன. லாக்டேட்டை எரிபொருளாகக் கொள்ளவல்ல இதயத் தசையணுக்கள் மட்டும் பிழைக்கின்றன.

இவ்வாறு பெறப்படும் அணுக்கள் முதிராதவை. முதிர்ந்தவரின் தசையணுவை விடக் கருவின் அணுவையே ஒத்தவை. தாமாகத் துடிக்கும் இயல்பும் அவற்றிற்கு உண்டு. 2014-இல் குரங்குகளின் இதயத்தில் 100 கோடி அணுக்கள் செலுத்தப்பட்டபோது அவை பிழைத்து இதயத்துடன் இணைந்தன. அதே நேரம் துடிப்பு ஒழுங்கின்மையும் தோன்றியது. இதுவே இன்றும் முதன்மைத் தடையாக உள்ளது. 2020 சனவரியில் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் இத்தகைய அணுக்களாலான மெல்லிய தகடு முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தின்மேல் பொருத்தப்பட்டது. செருமனியின் கோட்டிங்கன் குழுவினர் தசை ஒட்டு ஒன்றைப் பொருத்தினர். மூன்று மாதத்திற்குப் பின் மாற்று இதயம் பெற்ற அந்நோயாளியின் பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, ஒட்டப்பட்ட தசை உயிருடன் இருந்ததை 2025-இல் அறிவித்தனர்.

இந்தியாவில்

மாரடைப்புக்குப் பின் எலும்பு மச்சை அணுக்களைச் செலுத்தும் முறை இந்தியாவில் ஐந்து மையங்களில் 250 நோயாளிகளிடம் சமவாய்ப்பு முறையில் சோதிக்கப்பட்டது. 2015-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் வெளித்தள்ளு விகிதத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில், வேறொருவரின் எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த இடைத்திசுக் குருத்தணுக்களை 20 நோயாளிகளிடம் சோதித்த மற்றோர் இந்திய ஆய்வும் வெளிவந்தது. அம்முறை பாதுகாப்பானதாகக் காணப்பட்டது; பயன் நிறுவப்படவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்று சிகிச்சை நடைபெற்று வருகிறது. அவ்வனுபவத்தின் மேல் எழுந்ததே, மைய அரசின் உயிரிதொழில்நுட்பத் துறை உதவியுடன் அமைந்த குருத்தணு ஆய்வு மையம். இது பின்னர் பெங்களூரில் உள்ள இன்ஸ்டெம் நிறுவனத்தின் ஓர் அலகாக ஆனது. இம்மையத்தின் பெரிய வெற்றி இதயத்தில் அன்றிக் குருதியில் கிடைத்தது. கடும் ஈமோபீலியா-ஏ நோயாளிகள் ஐவரின் சொந்தக் குருதிக் குருத்தணுக்களில் குறைபட்ட மரபணுவின் நல்ல படியைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தியதன் முடிவு 2024-இல் வெளியானது. குருதிக் குருத்தணு நரம்பில் செலுத்தப்பட்டாலும் தானே எலும்பு மச்சையைத் தேடிச்சென்று தங்கிப் பெருகும். இதயத்தில் அத்தகைய இருப்பிடமும் இல்லை, அவ்வாறு பெருகும் அணுவும் இல்லை. ஒரே பெயர் தாங்கிய இரு சிகிச்சைகளின் வேறுபட்ட நிலைக்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டுடன் தொடர்புடைய மற்றொரு கண்டுபிடிப்பும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை சு. தண்டபாணி, ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராசு முதலியோர், மைபிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் இதயச் செயலிழப்பு இடரைப் பன்மடங்கு உயர்த்துவதாக 2009-இல் அறிவித்தனர். தெற்காசிய மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் இம்மாற்றத்தைத் தாங்கியுள்ளனர். உயிருள்ளவரின் இதயத் தசையை வெட்டியெடுத்து ஆராய்வது கடினம். அவரது குருதியணுவிலிருந்து குருத்தணுவையும், அதிலிருந்து இதய அணுவையும் உருவாக்கி ஆராயலாம். மருந்துகளையும் அதன்மேல் சோதிக்கலாம். குருத்தணு ஆய்வின் நடைமுறைப் பயன் இன்று இவ்வழியிலேயே மிகுதி.

நெறிமுறைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரிதொழில்நுட்பத் துறையும் 2007-இல் குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்குமான நெறிமுறைகளை வெளியிட்டன. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் தலைப்பிலிருந்து சிகிச்சை என்னும் சொல் நீக்கப்பட்டது. ஒரு சொல்லை நீக்கியது சிறு செய்தியாகத் தோன்றினும் அதன் பொருள் பெரிது. 2017-இல் இந்நெறிமுறைகள் மீண்டும் திருத்தப்பட்டன. இவற்றின்படி, குருதி நோய்கள் முதலியவற்றிற்கான எலும்பு மச்சை மாற்று சிகிச்சை ஏற்கப்பட்டது. இதய நோய்க்கான பயன்பாடோ, ஒப்புதல் பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே நடைபெறலாம். சோதனையில் பங்குபெறுவோரிடம் அதற்காகக் கட்டணம் பெறக்கூடாது. ஆகவே, இதயத்திற்கு ஸ்டெம் செல் ஊசி என விளம்பரம் செய்து பணம் கேட்கும் இடத்தில் நடப்பது ஆய்வும் அன்று, ஏற்கப்பட்ட சிகிச்சையும் அன்று.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

இவ்வாய்வின் தேவை எங்குள்ளது என்பதை அறிய, ஆய்வகங்களிலிருந்து தொலைவில் உள்ள இடங்களைப் பார்ப்பது பொருந்தும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்ல மலைச்சாலையில் இறங்கிவர வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது.

தமனி அடைபட்ட அரை மணி அளவிலேயே இதயத் தசை இறக்கத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. இறந்த தசையை மீட்கும் வழி இன்னும் இல்லாததால், அடைப்பை விரைந்து நீக்குவதே பயன்தரும் சிகிச்சை. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, சிறு மருத்துவமனைகளில் உறைகட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் இணைப்பு முறை 2,420 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6-இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. 2023-இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், ஆசுப்பிரின், குளோப்பிடோகிரல், அட்டோர்வாசுட்டாட்டின் மாத்திரைகளின் முதல் வேளை, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படுகிறது.