மேடையில் பெண், கடிவாளம் யார் கையில்?

தீவிர வலதுசாரிக் கட்சிகளுக்குப் பெண்களும் தலைமை தாங்குகிறார்களே, அது முன்னேற்றம் இல்லையா என்று மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு. 'ஜெர்மனிக்கான மாற்று' எனப்படும் ஏஎஃப்டி கட்சியின் உட்பூசல்களில் இதற்கான விடையைப் பார்க்கிறேன்.

யூரோ கடன்மீட்புத் திட்டங்களை எதிர்த்து, பொருளியல் பேராசிரியர் பெர்ன்ட் லுக்கே முதலானோர் 2013இல் தொடங்கிய கட்சி அது. 2015 மார்ச்சில் பியோர்ன் ஹோக்கே முதலானோர் எர்ஃபுர்ட் தீர்மானத்தை வெளியிட்டு, 'சிறகு' என்ற கடும்போக்கு அணியைத் திரட்டினர். ஜூலையில் எஸன் மாநாட்டில் வேதியியலாளர் ஃப்ராவ்கே பெட்ரி லுக்கேயைத் தோற்கடித்தார். கடும்போக்காளர்களின் ஆதரவே அவருக்கு ஏணி.

2017 ஜனவரியில், ஜெர்மனியின் நினைவேந்தல் அரசியல் 180 பாகை திரும்ப வேண்டும் என்று ஹோக்கே பேசினார். அவரைக் கட்சியிலிருந்து நீக்கப் பெட்ரி முயன்றார். ஆனால் ஏப்ரலில் கொலோன் மாநாடு, கட்சி நடைமுறை அரசியல் பாதையில் செல்ல வேண்டும் என்ற அவருடைய தீர்மானத்தை விவாதிக்கக்கூட மறுத்தது. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அந்தக் கோடையில் கட்சியின் சுவரொட்டியில் ஒரு கர்ப்பிணி சிரித்தார்: புதிய ஜெர்மானியர்களை நாமே பெற்றுக்கொள்வோம் என்பது அதன் செய்தி. கருப்பை பிரச்சாரத்துக்கு வேண்டியிருந்தது. கருவுற்ற தலைவி வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் 12.6 விழுக்காடு வாக்குகளுடன் கட்சி நாடாளுமன்றம் நுழைந்தது. அதன் உறுப்பினர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவரே. தேர்தலுக்கு மறுநாள் பெட்ரி செய்தியாளர் கூட்டத்திலிருந்து எழுந்து போனார்; பிறகு கட்சியை விட்டும் விலகினார்.

பெட்ரிக்காக நான் இரங்கவில்லை. எல்லை தாண்டும் அகதிகள்மீது தேவைப்பட்டால் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்று 2016இல் சொன்னவர் அவர். தான் ஊட்டி வளர்த்த வெறுப்பே அவரை வெளியே தள்ளியது.

அவருக்குப் பின் முன்னணிக்கு வந்த அலிஸ் வைடல் 2017இல் ஹோக்கேயை நீக்குவதை ஆதரித்தவர். பின்னர் அவருடன் சமரசமானார். பெண் துணையோடு பிள்ளைகளை வளர்க்கும் அவர், குடும்பம் என்பது தந்தை, தாய், பிள்ளைகள் என்று வரையறுக்கும் கட்சியை வழிநடத்துகிறார். 2025 பிப்ரவரியில் அக்கட்சி பெற்றது 20.8 விழுக்காடு.

எதிர்த்த பெண் வெளியேறினார். இணங்கிய பெண் நிலைத்தார். இருவரின் காலத்திலும் கட்சி மேலும் வலப்பக்கமே நகர்ந்தது. தலைமையில் பெண் இருக்கிறாரா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. எந்த விலைக்கு அவரை அங்கே இருக்க விடுகிறார்கள், அந்த விலையை எந்தப் பெண்கள் கொடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். எல்லையில் குழந்தையோடு நிற்கும் அகதிப் பெண்ணுக்கு, தன்னைத் தடுக்கும் ஆணை ஒரு பெண்ணின் கையெழுத்தோடு வருவதில் என்ன ஆறுதல்?