குடிக்கூலியும் குடிபெயர்ச்சியும்

சாரற்காலத்திற் குற்றாலஞ் சென்று, இரண்டு நாளைக்கு ஓர் அறை கேட்டுப் பார்த்த அன்பர்க்கு, யாம் சொல்லவரும் பொருளிற் பாதி முன்னரே விளங்கியிருக்கும். மாசி பங்குனியிற் பூட்டிக் கிடக்கும் அதே வீடு ஆனி ஆடியிற் பன்மடங்கு கூலி பெறுகின்றது. சுவரும் கூரையும் அவையே. கூடியது அருவியாட வந்த கூட்டம்.

குற்றாலத்தில் இஃது இரண்டு மூன்று திங்களில் அடங்கிவிடும். பெருநகரங்களிலோ வந்தவர் மீள்வதில்லை. ஒருமுறை சென்னையில் மீண்டனர்; அவ்வரலாறு அறியத்தக்கது. 1941ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகரத்தார் ஏறக்குறைய 7,77,000 பேர். 1942 ஏப்பிரலில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டெறியவே, அரசாங்க அறிவிப்பின்பேரில் மக்கள் பெட்டி படுக்கையோடு வெளியூர்களுக்கு விரைந்தனர். உயர்நீதிமன்றமே கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. தெருத்தெருவாக வீடுகள் பூட்டப்பட்டன. வந்த விலைக்கு விற்றுச் சென்றாரும் உளர். அச்சம் நீங்கியபின் மீண்டவரோடு, தொழில் நாடிய புதியவரும் வந்து நிறைந்தனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கில் தொகை 14,16,000 ஆயிற்று. நகரெல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணமேயாயினும், ஆள் பெருகிய வேகத்தில் வீடு பெருகவில்லை.

ஆதலின் அரசாங்கத்தார் குடிக்கூலிக்கு வரம்பு கட்டினர். 1946இல் ஒரு சட்டமும், 1949இல் மற்றொன்றும் பிறந்தன. பின்னது, 1940 ஏப்பிரல் முதல் தேதிக்கு முந்திய பன்னிரண்டு திங்களில் அவ்வட்டாரத்தில் வழங்கிய கூலியை அடிப்படையாகக் கொண்டது. யாம் அதனைப் பழிக்கின்றோமல்லேம். எத்தனையோ எளிய குடும்பங்கள் தெருவிற்கு வாராமற் காத்த சட்டம் அது. எனினும் அந்நிழல் முன்னமே உள்ளே இருந்தவர்க்கு உரியது. பின் வந்தவன் வாயிலில் நின்றான்.

பம்பாயில் இது இன்னும் தெளிவாக விளங்கிற்று. ஆங்கு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கூலி உறைந்து நிற்கவே, குடிபுகுவோர் மறைவிற் கொடுக்கும் 'பகடி' என்னும் பெருந்தொகை வழக்காயிற்று. வரும்படியில்லாத வீட்டைச் சொந்தக்காரர் பழுதுபார்த்திலர். கட்டடங்கள் இடிந்துவிழக் கண்டு, 1969இல் அவற்றைச் செப்பனிடுதற்கென்றே ஒரு வாரியம் சட்டத்தால் அமைக்க நேர்ந்தது. நம் திருநெல்வேலிச் சீமையினின்றும் தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றோர், சட்டத்தின் நிழலும் பகடிக்குப் பணமும் இலராய், தாராவியின் சதுப்பில் மண்ணிட்டு மேடாக்கிக் குடிசை கட்டினர். யாரும் வேண்டாதிருந்த அந்நிலம், பாந்திரா குர்லா வணிக வட்டாரம் அணித்தே எழுந்தபின், கோடிக்கணக்கில் விலைபேசப்படுகின்றது. மேடாக்கியவர் பேரர்க்கு அதிற் பங்கெவ்வளவு என்பதே இன்றைய வழக்கு.

நம்மூர்க்கு 1903இல் இருப்புப்பாதை வந்தது. அன்றுதொட்டு வெளியூர்ப் பிழைப்பு நமக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு எம் பழைய மாணாக்கனொருவன் பொதிகை விரைவுவண்டியிற் சென்னை சென்றான். மாதம் பன்னீராயிரம் கூலி பேசிய வீட்டிற்குப் பத்துமாத முன்பணம் கேட்டனராம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்றுமாதக் கூலிக்கு மேற்படலாகாதென விதிக்கின்றது. இருவரும் வேறுவிதமாக உடன்பட்டிருப்பின் அவ்விதி பொருந்தாதென்றும் அதுவே விலக்களிக்கின்றது. வீடில்லாதவன் உடன்படாது என்செய்வான்?

சென்னையில் மனைபடைத்த நம் அங்கத்தினரும் இவ்விதழைப் படிப்பரென்று யாம் அறிவோம். முன்பணம் எத்தனை மாதத்திற்கு வாங்குகின்றோமென அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பையனின் தாய் தம் வளையல்களை அடகு வைத்து ஓர் இலக்கத்து இருபதினாயிரம் அனுப்பினார். தென்காசியில் அவர்கள் வீட்டு மாடி மூன்றாண்டாகக் குடியின்றிப் பூட்டிக் கிடக்கின்றது.