பொக்காளி வயல்கள்

கொச்சியைச் சூழ்ந்த காயற்கரைத் தாழ்நிலங்களில், தலைமுறை தலைமுறையாக, ஒரே வயல் நெல்லையும் இறாலையும் மாறி மாறி விளைவித்து வந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிச் சென்றதும், மண்ணை மேடுகளாகக் குவித்து, முளைகட்டிய பொக்காளி நெல்விதையைத் தூவுவார்கள். ஐப்பசியில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். பின்னர், கார்த்திகை முதல் பங்குனி வரையில், இரவில் ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து, அதன் வாயில் விளக்கொன்றைத் தொங்கவிட்டால், ஒளியை நாடி இறால் குஞ்சுகள் உள்ளே புகும். அழுகிய தாளே அவற்றுக்கு ஆகாரம், அவற்றின் கழிவே அடுத்த போகத்துக்கு எரு.

ரசாயனமும் தீவனமும் வேண்டாத இவ்வேற்பாட்டின் மகத்துவம், 1990களில் தஞ்சைக் கடற்கரையில் வெட்டப்பட்ட இறால் பண்ணைகள் குடிநீரை உப்பாக்கியபோதுதான் பலருக்குப் புலனாயிற்று. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்து அத்தகைய பண்ணைகளை அகற்ற உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட், பாரம்பரிய முறைகளுக்கு விலக்களித்தது முற்றிலும் நியாயமே.