பாணி என்னுஞ் சொல்

முருகனைத் தண்டபாணி என்றும் திருமாலைச் சக்கரபாணி என்றும் வணங்குகிறோம். அங்கே பாணி என்பது கையைக் குறிக்கும் வடசொல். திருமணம் பாணிக்கிரகணம் எனப்படுவதும் அதனாலேயே. பழந்தமிழ் நூல்களிலோ பாணி பாட்டும் தாளமுமாகும். இன்று நடையையும் பாணி என்கிறோம்.

யாழ்ப்பாணத்து அடுக்களையில் இச்சொல்லுக்கு இனிப்பே பொருள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிக் குறுக்கினாற் பாணி. மேலும் இறுகக் காய்ச்சினாற் பனங்கட்டி. பனாட்டைப் பாணியில் ஊறவைத்ததே பாணிப்பனாட்டு.

ஒலி ஒன்றாயினும் இவையாவும் ஒரே வேரின என்று நாம் மயங்குதல் கூடாது. பொருள்களை அகராதி தொகுத்துத் தரும். பாணி காய்ச்சும் பதத்தை அது சொல்லாது. அதனை அறிந்தவர் நம் முதியோரே. இளைஞர்காள், அவர்கள் இருக்கும்போதே கேட்டறிவோமாக!