நாடாவில் சுழன்ற எதிரொலி

குன்றுக்கு எதிரே நின்று குரல் கொடுத்தால், சற்றுப் பொறுத்து அது நம்மிடமே திரும்பி வருகிறது. இதை எதிரொலி என்கிறோம். அந்த எதிரொலியை ஒலிநாடாவில் பிடித்து இசையாக்கிப் பார்த்தவர்களின் வரலாற்றை இன்று காண்போம்.

நாடா விநாடிக்கு 7½ அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளை 5 அடி தள்ளி வைத்து, ஒரே நாடாவை இரண்டிலும் ஓடவிட வேண்டும். முதல் கருவியில் பதிந்த ஒலி, 8 விநாடி கழித்து இரண்டாவதில் கேட்கும். அதை மீண்டும் முதல் கருவிக்கே அனுப்பினால், ஒலியின்மேல் ஒலி படிந்துகொண்டே போகும். ஒருவர் வாசித்தாலும் ஒரு குழுவே வாசிப்பது போலிருக்கும். அமெரிக்கரான டெர்ரி ரைலி 1963இல் பாரிஸ் நகரில் இவ்வாறு சோதனை செய்தார்.

இத்தகைய முயற்சி இந்தியாவிலும் நடந்தது. பக்காவஜ் என்பது நம் மிருதங்கத்தை ஒத்த வடநாட்டு வாத்தியம். அதைப் பயின்ற கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்றார். அங்கே ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். அவரிடம் மேலைநாட்டு இசையைக் கற்றார். கேஜின் நெருங்கிய நண்பர் டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்னிசைக் கூடம் அமைத்தார். 'மோக்' என்ற மின்னிசைக் கருவியின் ஒலியை நாடாவில் திரும்பத் திரும்பச் செலுத்திப் பதிவு செய்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஐ. எஸ். மாத்தூர், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அக்கூடத்தில் இசை படைத்தனர்.

அப்பதிவுகளை உலகம் மறந்தே போயிற்று. ஆனால் நாடாக்கள் கழகத்தின் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 1969 முதல் 1972 வரையிலான அப்பதிவுகள் 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. வைத்துக் காத்ததால் அவை பிழைத்தன.

உம்பாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், தாலாட்டும் ஒப்பாரியும் பாடும் பாட்டி ஒருவர் இருந்தார். அவர் பாட்டைப் பதிய வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாளைக் கடத்தினேன். பாட்டி மறைந்தார்; பாட்டும் அவரோடு போயிற்று.

பிள்ளைகளே, இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவிதான். பாட்டியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் தேதியையும் சொல்லிப் பதியுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.